கலக்கருவும் நியூத்திரன் சிதறலும்: குரோமற்றின் அமைப்பாய்வு பற்றிய சில குறிப்புகள்

உயிரியலை விளக்க முற்படுவோர் மொழியிலிருந்தும் இலக்கியத்திலிருந்தும் உவமைகளை இரவல் பெறுவது இருபதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் ஒரு வழக்காகவே நிலைபெற்றுவிட்டது. டி.என்.ஏ. ஒரு நூல் என்றும், அதன் நான்கு காரங்களும் எழுத்துக்கள் என்றும், பரம்பரையலகு ஒவ்வொன்றும் ஒரு வாக்கியம் என்றும், கலம் அந்நூலை வாசித்துத் தன்னை ஆக்கிக்கொள்கின்றது என்றும் பாடநூல்களே எழுதுகின்றன. இவ்வுவமை பயனற்றதன்று. ஆயினும் நூல்களையும் வாசிப்பையும் ஆய்வுப் பொருளாகக் கொண்டோருக்கு இதில் ஓர் ஐயம் எழாமற் போகாது. பாடம் இருந்தால் மட்டும் வாசிப்பு நிகழ்ந்துவிடுமா? ஒரே மனிதரின் ஈரற் கலத்திலும் நரம்புக் கலத்திலும் உள்ள டி.என்.ஏ. பாடம் ஏறத்தாழ ஒன்றே. எனினும் ஒன்று ஈரலாகவும் மற்றையது நரம்பாகவும் இயங்குகின்றன. பாடத்தின் எப்பகுதி திறந்துகிடக்கின்றது, எப்பகுதி மடிந்து மூடுண்டு கிடக்கின்றது என்பதிலேயே இவ்வேறுபாடு பெரிதும் தங்கியுள்ளது. டி.என்.ஏ.யும் அதனைப் பற்றிநிற்கும் புரதங்களும் சேர்ந்து இம்மடிப்பை உருவாக்குகின்றன. அச்சேர்க்கைக்குக் குரோமற்றின் என்று பெயர்.

ஆகவே இங்கு அறியவேண்டியது டி.என்.ஏ. தனித்து எத்தகையது என்பதன்று; புரதம் தனித்து எத்தகையது என்பதுமன்று. இரண்டிற்குமிடையிலான உறவே அறியப்படவேண்டிய பொருள். உறவை ஆராயப் புகுவோருக்கு ஒரு நடைமுறைச் சங்கடம் உண்டு. கூறுகளைப் பிரித்தெடுத்தால் உறவு அழிந்துவிடும். பிரிக்காமல் நோக்கினால் எது எதுவெனத் தெரியாது. இச்சங்கடத்திலிருந்து மீள இயற்பியலாளர் கண்ட ஒரு வழியே நியூத்திரன் சிதறல். அவ்வழி எத்தகையது, அதனால் எது துணியப்பட்டது, எது இன்னும் துணியப்படாதிருக்கின்றது என்பவற்றை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

முற்போக்காளர் இத்துறையில் அக்கறை கொள்வதற்குப் பிறிதொரு காரணமும் உண்டு. அதனை மறைத்தல் தகாது. 1948 ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் சோவியத் விவசாய விஞ்ஞானக் கழகத்தின் கூட்டத்தில் லைசென்கோவின் கொள்கை அதிகாரபூர்வமாக்கப்பட்டு, நிறமூர்த்தங்களை அடிப்படையாகக் கொண்ட பரம்பரையியல் பிற்போக்கானதென ஒதுக்கப்பட்டது. பளிங்கியல் மேதையும் மார்க்சியருமான பேர்ணல் லைசென்கோவுக்காக வாதாடினார். பரம்பரையியலாளரான ஹோல்டேனோ இவ்விடயத்திற் கட்சியோடு முரண்பட நேர்ந்தது. இயற்கையின் இயங்கியலைப் பற்றி உரத்துப் பேசியவர்கள் இயற்கையை அளந்தறிவதை விட்டுத் தீர்மானங்களால் அறிய முற்பட்ட காலம் அது. கலக்கருவைப் பற்றி நாம் பேசும்போது அளவீடுகளைக் கவனமாகப் பின்தொடரவேண்டியிருப்பது இதனாலுந்தான்.

குரோமற்றின் என்ற சொல்லின் வரலாறு சுவையானது. சாயமூட்டிய கலங்களை நுணுக்குக்காட்டியில் நோக்கிய ஜெர்மானியரான வால்தர் ஃபிளெமிங், சாயத்தை மிகுதியாக ஏற்ற கருப்பொருளுக்கு நிறத்தைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து இப்பெயரை ஆக்கினார். 1882 இல் வெளிவந்த அவரது நூல் இதனைப் பரவச் செய்தது. அதாவது பெயர் பொருளின் இயல்பைக் குறிக்கவில்லை. அதனைக் கண்ட முறையைக் குறிக்கின்றது. அதற்கு முன்னரே, 1869 இல், மீஷர் என்னும் சுவிஸ் ஆய்வாளர் சத்திரசிகிச்சைக் கட்டுத்துணிகளிலிருந்த சீழிலிருந்து இன்று டி.என்.ஏ. என நாம் அறியும் பொருளைப் பிரித்திருந்தார். 1884 இல் கொஸெல் வாத்தினக் குருதியின் செங்கலங்களிலிருந்து ஹிஸ்தோன் எனும் புரதத்தைப் பிரித்தார். பாலூட்டிகளின் முதிர்ந்த செங்கலங்களிற் கரு இல்லை. பறவைகளின் செங்கலங்களில் உண்டு. குருதி எளிதிற் கிடைப்பது. ஆதலின் அன்று தொட்டு இன்றுவரை பறவைக் குருதியே குரோமற்றின் ஆய்வின் மூலப்பொருள்களுள் முதன்மையாக இருந்து வருகின்றது. (நமது கலைச்சொல்லாக்குநர் 'குரோமசோமை' நிறமூர்த்தம் என்றனர். கோயில் வழிபாட்டில் இறைவடிவைக் குறித்த மூர்த்தம் என்ற சொல் கலத்தினுட் புகுந்த கதை தனியே எழுதத்தக்கது.)

அளவுகளை மனங்கொண்டாலன்றிச் சிக்கலின் பருமை விளங்காது. மனிதக் கலமொன்றிலுள்ள டி.என்.ஏ.யை நீட்டினால் ஏறத்தாழ 2 மீற்றர் வரும். அது அடங்கியிருக்கும் கருவின் குறுக்களவோ ஒரு மில்லிமீற்றரின் நூறிலொரு பங்கையும் பெரும்பாலும் எட்டுவதில்லை. இழையின் தடிப்பு 2 நனோமீற்றர். நனோமீற்றர் என்பது மீற்றரின் நூறு கோடியிலொரு பங்கு. சாதாரண ஒளி நுணுக்குக்காட்டி ஏறத்தாழ 200 நனோமீற்றருக்குட்பட்ட நுட்பங்களைப் பிரித்துக்காட்டாது. இலத்திரன் நுணுக்குக்காட்டி காட்டும். ஆனால் அக்காலத்தில் அதற்கெனப் பொருளை உலர்த்தி, சாயமேற்றி, வெற்றிடத்தில் வைக்க வேண்டியிருந்தது. நீரில் வாழும் ஒன்றை நீரின்றி நோக்குவதாயிற்று அது. எஞ்சியது எக்ஸ் கதிர். ஈரமான நாரிலேயே அதனைப் பாய்ச்சலாம். ஆனால் அது இலத்திரன்களாற் சிதறுவது, டி.என்.ஏ.யும் புரதமும் ஒருங்கே சிதறச்செய்த கோலத்தில் எப்பகுதி எதனுடையதென அது எளிதிற் பிரித்துக் கூறாது.

இவ்வெல்லையை ஒரு மாதிரியுருவின் வரலாறு தெளிவாகக் காட்டும். டி.என்.ஏ.யின் எக்ஸ் கதிர் ஆய்வுக்காக 1962 இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டவர்களுள் ஒருவரான மொறிஸ் வில்கின்ஸ், பார்டன், றிச்சாட்ஸ் ஆகியோருடன் இணைந்து 1967 இல் ஒரு கருத்தை வெளியிட்டார். இழுத்த குரோமற்றின் நார்களின் எக்ஸ் கதிர்க் கோலத்தில் ஏறத்தாழ 11 நனோமீற்றர், 5.5 நனோமீற்றர் முதலிய இடைவெளிகளுக்குரிய வளையங்கள் தோன்றின. இவை யாவும் ஒரே ஒழுங்கான சுருளின் வரிசைகள் எனக் கொண்ட அவர்கள், டி.என்.ஏ.யின் இரட்டைச் சுருளி மேலும் ஒருமுறை சீராகச் சுருண்டு 'மீச்சுருள்' ஆகின்றது என்றனர். புரதம் அதன்மீது சீராகப் பூசப்பட்டதுபோற் கருதப்பட்டது. அழகான மாதிரியுரு, அதன் அழகே அதன் குறை என்று பின்னர் தெரியவந்தது. வில்கின்ஸ் பற்றி ஒன்று கூறிச் செல்லலாம். மாணவப் பருவத்திற் கேம்பிரிட்ஜ் விஞ்ஞானிகளின் போரெதிர்ப்புக் குழுவோடு தொடர்புகொண்டிருந்த அவர், போர்க்காலத்தில் அமெரிக்காவில் அணுகுண்டுத் திட்டத்தின் யுரேனியப் பகுப்பில் ஈடுபட நேர்ந்தது. அதன்பின் உயிரியலுக்கு வந்தார். 1969 இல் பிரித்தானியாவில் விஞ்ஞானத்தின் சமூகப் பொறுப்புக்கான சங்கம் அமைந்தபோது அதன் முதற் தலைவருமானார். குண்டுக்காகப் பிறந்த உலைகளிலிருந்து கிளைத்த ஒரு முறையே அவரது மீச்சுருளைத் திருத்த வந்தது.

நியூத்திரனை 1932 இல் கேம்பிரிட்ஜிற் கண்டறிந்தவர் சட்விக். மின்னேற்றமற்ற துணிக்கை அது. ஆதலின் இலத்திரன் முகிலைப் பொருட்படுத்தாது ஊடுருவி, அணுவின் கருவோடு மோதியே சிதறும். தமிழில் அணுவின் மையத்தையும் கலத்தின் மையத்தையும் நாம் 'கரு' என ஒரே சொல்லால் வழங்குகின்றோம். அணுக்கருவைக் கொண்டு கலக்கருவை அறிவதே இம்முறை என்று சுருங்கக் கூறலாம். அமெரிக்காவின் ஒக் றிட்ச்சில் புளூத்தோனிய ஆக்கத்தின் பரீட்சார்த்தமாக 1943 இல் இயங்கத் தொடங்கிய காரீய உலையில், போர் முடிந்தபின், 1946 இலிருந்து வொலனும் ஷல்லும் நியூத்திரன்களைப் பளிங்குகளில் சிதறச்செய்து ஆராய்ந்தனர். ஷல்லுக்கு இதற்கான நோபல் பரிசு 1994 இலேயே கிட்டியது. வொலன் அதற்குப் பத்தாண்டுகளுக்கு முன்னரே இறந்துவிட்டார்.

இனி முறையின் உயிர்நாடியான பகுதிக்கு வருவோம். ஒவ்வோர் அணுக்கருவும் நியூத்திரனை எவ்வளவு வலிமையாகச் சிதறச்செய்யும் என்பதை அதன் 'சிதறல் நீளம்' குறிக்கும். காபனுக்கு 6.65, ஒட்சிசனுக்கு 5.80, நைதரசனுக்கு 9.36, அலகு பெம்ரோமீற்றர், அதாவது நனோமீற்றரின் பத்து இலட்சத்திலொரு பங்கு. இவையெல்லாம் நேர்க்குறியின. சாதாரண ஐதரசனுக்கோ எதிர்க்குறி: −3.74. அதன் சமதானியாகிய தூத்தேரியத்திற்கு மீண்டும் நேர்க்குறி: 6.67. இரசாயனத்தில் ஏறக்குறைய இரட்டையரான இவ்விரண்டும் நியூத்திரனுக்கு எதிரெதிர் முகங்களைக் காட்டுகின்றன. எக்ஸ் கதிருக்கு இவ்விரண்டும் வேறுபாடின்றித் தோன்றும். இரண்டுக்கும் இலத்திரன் ஒன்றே.

இதன் விளைவு யாது? சாதாரண நீரின் சிதறல் அடர்த்தி சிறிதே எதிர்க்குறியானது. தூத்தேரியத்தாலான பாரநீரின் சிதறல் அடர்த்தி பெரிய நேர்க்குறிப் பெறுமானம். இரண்டையும் வேண்டிய விகிதத்திற் கலந்து இடைப்பட்ட எந்தப் பெறுமானத்தையும் பெறலாம். பைரெக்ஸ் கண்ணாடிச் சோதனைக்குழாயைக் கிளிசரீனில் அமிழ்த்தினால் அது ஏறத்தாழ மறைந்துபோவதைப் பள்ளி ஆய்வுகூடத்திற் பலர் கண்டிருப்பர். கண்ணாடியும் திரவமும் ஒளியை ஒரேயளவில் முறிப்பதே காரணம். நியூத்திரனுக்கும் இதுவே நிகழ்கின்றது. நீரில் பாரநீர் ஏறத்தாழ 40 சதவீதமாகும்போது புரதத்தின் அடர்த்தியும் ஊடகத்தின் அடர்த்தியும் ஒன்றாகின்றன. புரதம் 'மறைந்து' டி.என்.ஏ. மட்டும் தெரிகின்றது. ஏறத்தாழ 65 சதவீதத்தில் டி.என்.ஏ. மறைந்து புரதம் மட்டும் தெரிகின்றது. டி.என்.ஏ.யில் ஐதரசன் விகிதாசாரம் குறைவாகவும் நைதரசன், ஒட்சிசன், பொசுபரசு ஆகியன கூடுதலாகவும் இருப்பதே இவ்வேறுபாட்டுக்குக் காரணம். எதனையும் வெட்டவில்லை, சாயமேற்றவில்லை, உலர்த்தவில்லை. ஊடகத்தை மாற்றியதால் பொருளின் வெவ்வேறு கூறுகள் மாறி மாறி வெளிப்பட்டன. பொருளொன்று தன் சூழலோடு கொள்ளும் வேறுபாட்டினாலேயே நமக்குத் தென்படுகின்றது என்பது இம்முறையில் ஒரு தத்துவக் கூற்றாக அன்றிச் சமன்பாடாகவே இடம்பெறுகின்றது. சிதறலின் செறிவு, துணிக்கைக்கும் ஊடகத்துக்குமுள்ள அடர்த்தி வேறுபாட்டின் வர்க்கத்துக்கு விகிதசமமானது. ஊடகமாற்றத்தின் கோட்பாட்டை வளர்த்தவர்களுள் ஜெர்மானியரான ஸ்டூர்மன் முதன்மையானவர்.

இரண்டொரு நுட்பங்களைக் கூறிவிடல் வேண்டும். சிதறற் கோணமும் ஆராயப்படும் தூரமும் எதிர்மாறானவை; பல நனோமீற்றர் பருமனுள்ளவற்றை அறிய மிகச்சிறு கோணங்களில் அளக்கவேண்டும். இதற்கு அலைநீளம் கூடிய, குளிரூட்டப்பட்ட நியூத்திரன்களும் நீண்ட கருவிகளும் தேவை. கிரெனோபிளிலுள்ள டீ 11 என்னும் கருவியில் மாதிரிப்பொருளுக்கும் உணர்கருவிக்குமிடையே 40 மீற்றர் வரை தூரம் வைக்கப்பட்டது. ஒரு விரற்கடைக் குப்பியிலுள்ள கரைசலை நோக்க ஒரு மண்டபம் வேண்டியதாயிற்று. மேலும் நியூத்திரன் கற்றைகள் எக்ஸ் கதிர்க் கற்றைகளோடு ஒப்பிடுகையில் மிக நலிந்தவை; சாதாரண ஐதரசன் எத்திசையிலும் ஒருங்கின்றிச் சிதறச்செய்து பின்னணி இரைச்சலைப் பெருக்கும். பாரநீரும் முற்றிலும் நடுநிலையானதன்று. ஐதரசன் பிணைப்பின் வலிமையை அது சற்று மாற்றுகின்றது.

1973, 1974 ஆம் ஆண்டுகளிற் குரோமற்றின் பற்றிய எண்ணம் தலைகீழாயிற்று. அவுஸ்திரேலியாவில் ஹியூவிஷும் பேர்கொயினும் எலியின் ஈரற் கருக்களில் நொதியம் டி.என்.ஏ.யை ஒழுங்கான இடைவெளிகளில் வெட்டுவதைக் கண்டனர். ஒலின்ஸ் தம்பதியர் இலத்திரன் நுணுக்குக்காட்டியில் நூலிற் கோத்த மணிகள் போன்ற தோற்றத்தை வெளியிட்டனர். ரொஜர் கோர்ன்பேர்க் 1974 இல், எட்டு ஹிஸ்தோன்களும் ஏறத்தாழ 200 காரச் சோடிகளும் கொண்ட அலகொன்று மீண்டும் மீண்டும் வருவதே குரோமற்றின் என்றார். அடுத்த ஆண்டில் ஷம்போனின் குழுவினர் அதற்கு நியூக்கிளியோசோம் என்று பெயரிட்டனர். சீராகப் பூசப்பட்ட சுருளன்று, தனித்தனி மணிகள். ஆனால் மணிக்குள் யார் உள்ளே, யார் வெளியே? நொதியம் டி.என்.ஏ.யைத் தொடமுடிகின்றமை அது வெளியே இருப்பதைச் சுட்டிற்று. சுட்டுதல் வேறு, அளத்தல் வேறு.

அளந்தது நியூத்திரன். 1975 இல் இரு குழுக்கள் ஏறத்தாழ ஒரேகாலத்தில் முடிவுகளை வெளியிட்டன. போட்ஸ்மத் பல்தொழில்நுட்பக் கல்லூரியைச் சேர்ந்த பிராட்பரி, போல்ட்வின் முதலியோர் கிரெனோபிளின் இபெலோடு இணைந்து, பாரநீர் விகிதத்தை மாற்றி மாற்றிக் குரோமற்றினின் கோலத்தை எடுத்தனர். வளையங்கள் யாவும் ஒரே சுருளின் வரிசைகளாயின், ஊடகம் மாறும்போது அவை யாவும் ஒரேவகையில் மங்கியோ ஓங்கியோ இருத்தல் வேண்டும். அவ்வாறு நிகழவில்லை. சில வளையங்கள் புரதத்தைப் பின்தொடர்ந்தன, சில டி.என்.ஏ.யைப் பின்தொடர்ந்தன. மீச்சுருளின் அடிப்படை இத்துடன் தகர்ந்தது எனலாம். மற்றைய குழுவிற் பார்டனும் றிச்சாட்ஸும் இருந்தனர். மீச்சுருளை முன்மொழிந்த அதே பார்டன், அதே றிச்சாட்ஸ். மருந்துக் கம்பனியொன்றின் ஆய்வுகூடத்திலிருந்து அவர்கள் ஹார்வெல்லின் வூஸ்ரர், ஒரிகனின் வான் ஹோல்ட் ஆகியோரோடு சேர்ந்து தனித்தெடுத்த மணிகளைக் கரைசலில் அளந்தனர். டி.என்.ஏ. மட்டும் தெரியும் ஊடகத்தில் சுழற்சியாரை ஏறத்தாழ 5 நனோமீற்றர். புரதம் மட்டும் தெரியும் ஊடகத்தில் ஏறத்தாழ 3 நனோமீற்றர். சுழற்சியாரை என்பது மையத்திலிருந்து பொருள் சராசரியாக எவ்வளவு விலகிப் பரந்துள்ளது என்பதன் அளவு. இரண்டும் ஒன்றோடொன்று கலந்து பின்னியிருப்பின் இரு பெறுமானங்களும் ஏறத்தாழ ஒன்றாயிருக்கும். அவை இவ்வளவு வேறுபட்டமை ஒன்றையே குறிக்கும்: புரதம் நடுவே, டி.என்.ஏ. அதனைச் சூழ வெளியே. தமது பழைய மாதிரியுருவைக் காக்க முனையாது, அதனை வீழ்த்தக்கூடிய பரிசோதனையைத் தாமே மேற்கொண்டவர்களின் நேர்மையைப் பாராட்டாமலிருக்க முடியாது. லைசென்கோ விவகாரத்தோடு ஒப்பிட்டு நோக்குவோருக்கு இதன் பெறுமதி நன்கு புலப்படும்.

பின்வந்த பளிங்கு ஆய்வுகள் இதனை உறுதிசெய்து நுட்பமாக்கின. 1984 இல் பென்ற்லியும் பிறரும் நியூத்திரன்களையும் ஊடகமாற்றத்தையும் கொண்டே 1.6 நனோமீற்றர் நுட்பத்தில் நியூக்கிளியோசோமின் பளிங்கமைப்பைத் தந்தனர். 1997 இல் லூகர், றிச்மண்ட் முதலியோர் எக்ஸ் கதிரால் 0.28 நனோமீற்றர் நுட்பத்தை எட்டினர். எட்டு ஹிஸ்தோன்களின் மீது 146 காரச் சோடிகள் ஏறத்தாழ ஒன்றே முக்காற் சுற்றுக்குச் சற்றுக் குறைவாக, 1.65 சுற்று, சுற்றிக்கிடப்பதை அணுவணுவாகக் காட்டினர். மணியைப் பொறுத்தவரை விவாதம் முடிந்தது.

இவ்விடத்தில் உலைகளைப் பற்றி ஒரு வார்த்தை. நியூத்திரன் கற்றை எந்தப் பல்கலைக்கழகத் துறையும் தன் நிதியில் வாங்கிவைக்கக்கூடிய பொருளன்று. அது அரசுகளின் சொத்து. கிரெனோபிளின் நிலையத்தை 1967 இல் பிரான்சும் மேற்கு ஜெர்மனியும் நிறுவின. 1971 இல் உலை இயங்கத் தொடங்கியது. 1973 இல் பிரித்தானியா சேர்ந்தது. அதற்கிட்ட பெயர்கள் இரண்டு: ஜெர்மானியரான லவே, பிரெஞ்சுக்காரரான லாஞ்சவின். பாசிச எதிர்ப்பாளரான லாஞ்சவின் 1940 இல் ஆக்கிரமிப்பாளராற் கைதுசெய்யப்பட்டவர். 1944 இல் பிரெஞ்சுக் கம்யூனிஸ்ட் கட்சியில் இணைந்தவர். போட்ஸ்மத் போன்றதொரு பல்தொழில்நுட்பக் கல்லூரி இத்துறையின் முன்னணியில் நிற்க முடிந்தமைக்குக் காரணம் உலை பொதுவுடைமையாக இருந்தமையே என்று நான் கருதுகின்றேன். அரசு விட்டுக்கொடுத்தால் உலையும் அழியும் என்பது இதன் மறுபக்கம். நியூயோர்க் மாநிலத்தின் புறூக்ஹேவன் உலை, திரித்தியக் கசிவு தெரியவந்தபின், 1999 இல் நிரந்தரமாக மூடப்படுவதென முடிவாயிற்று. சிதம்பரத்தில் 1952 இற் பிறந்தவரும் றைபோசோம் ஆய்வுக்காக 2009 இல் நோபல் பரிசு பெற்றவருமாகிய வெங்கட்ராமன் ராமகிருஷ்ணன் குரோமற்றினை நியூத்திரனால் ஆராய்ந்தது அந்தப் புறூக்ஹேவனில்தான். உப்புச்செறிவு கூடும்போது மணிச்சரம் எவ்வாறு தடித்த இழையாக நெருங்குகின்றது என்பதை 1987 இல் அவரும் கேர்ச்மனும் அளந்தனர். 1994 இல் அவரது குழு தூத்தேரியம் ஏற்றிய எச் 1 ஹிஸ்தோனை இழையிற் சேர்த்து, அது இழையின் உட்புறத்தே அமைகின்றதெனக் காட்டியது.

'தடித்த இழை' என்றோம். இதுவே இன்றுவரை தீராத விவாதம். பிரித்தெடுத்த குரோமற்றினை ஆய்வுகூட உப்புக்கரைசலில் வைத்தால் மணிச்சரம் 30 நனோமீற்றர் தடிப்புள்ள இழையாகின்றது. 1976 இல் ஃபிஞ்சும் குளூக்கும் அதனைச் சுற்றொன்றுக்கு ஏறத்தாழ ஆறு மணிகள் கொண்ட சுருளாக விளக்கினர். பாடநூல்கள் அதனை ஏற்று, மணி, இழை, கண்ணி, நிறமூர்த்தம் எனப் படிப்படியான மாளிகையொன்றை வரைந்தன. கருவினுள்ளேயும் அவ்விழை இருக்கின்றதா? 1983 இல் லாங்மோரும் போல்சனும் முழுக் கலங்களின் எக்ஸ் கதிர்க் கோலத்தில் 30 முதல் 40 நனோமீற்றர் வரையிலான உச்சத்தைக் கண்டபோது விடை கிடைத்ததெனவே பலர் நம்பினர். ஆனால் 2008 இல் எல்ற்சொவும் பிறரும் உறைநிலை இலத்திரன் நுணுக்குக்காட்டியால் பிரிவடையும் மனிதக் கலங்களை நோக்கி, அங்கே அவ்விழையைக் காணவில்லை என்றனர். 2012 இல் ஜப்பானில் மயேஷிமாவின் குழு எக்ஸ் கதிரால் அளந்து, பிரிவடையும் ஹீலாக் கலங்களின் நிறமூர்த்தங்களிற் கண்ட 30 நனோமீற்றர் உச்சம் அவற்றின் புறத்தே ஒட்டியிருந்த றைபோசோம்களிலிருந்து வந்ததெனக் காட்டியது. அவற்றை அகற்றியதும் உச்சம் மறைந்தது. (ஹீலாக் கலங்கள் 1951 இல் ஹென்றியற்றா லாக்ஸ் என்ற கறுப்பினப் பெண்ணிடமிருந்து அவரது சம்மதம் கேளாமல் எடுக்கப்பட்டவை என்பதை விஞ்ஞானக் கட்டுரைகள் பலகாலம் சொல்லாமலே விட்டன.)

ஊடகமாற்ற முறை இத்தவறைத் தவிர்த்திருக்குமா? எளிதாகத் தவிர்த்திராது என்றே தோன்றுகின்றது. றைபோசோமின் ஆர்.என்.ஏ. மறையும் பாரநீர் விகிதம் ஏறத்தாழ 70 சதவீதம், டி.என்.ஏ. மறையும் விகிதத்துக்கு அது மிக அண்மையது. கருவமிலத்தைப் புரதத்திலிருந்து பிரித்தறிவதில் வல்லதான இம்முறை, ஒரு கருவமிலத்தை மற்றொன்றிலிருந்து பிரித்தறிவதில் அத்துணை வல்லதன்று. எம்முறையையும் அதன் எல்லைக்கு அப்பால் இழுத்துச்சென்று முடிவுகட்டுவோருக்கு இது ஓர் எச்சரிக்கை. மறுபுறம், 30 நனோமீற்றர் இழை வெறுங் கற்பனையென்று ஒதுக்குவதும் அவசரமாகும். 2011 இல் ஷெஃபர், எல்ற்சொவ், ஃப்ராங்காகிஸ் ஆகியோர் கோழியின் செங்கலக் கருக்களில் அதனைக் கண்டனர். அக்கலத்தின் கரு பெரும்பாலும் செயலொடுங்கியது. இழை எங்கும் உண்டா, இல்லையா என்று கேட்பதைவிட, எக்கலத்தில், எந்நிலையில் என்று கேட்பதே பொருத்தமாகும்.

முழுக் கருவையே நியூத்திரனால் ஆராயும் முயற்சி 1970களிலேயே தொடங்கிவிட்டது. 1979 இல் போடியும் பிராமும் பிரான்சில் அத்தகைய அளவீடுகளை வெளியிட்டனர். இவ்வழியிற் குறிப்பிடத்தக்க பாய்ச்சல் 2005 இல் நிகழ்ந்தது. லெனின்கிராட் எனப்பட்ட நகருக்கு அண்மையிலுள்ள கச்சினாவைச் சேர்ந்த லெபெதெவ், இசாயெவ்-இவனொவ் முதலியோர் கோழிச் செங்கலங்களின் சிதையாத கருக்களை 15 நனோமீற்றரிலிருந்து 1.5 மைக்குரோமீற்றர் வரையான வீச்சில் அளந்தனர். அவர்கள் இழையைத் தேடவில்லை. கருவில் நிரம்பியுள்ள பொருள் எவ்விதிப்படி பரந்துள்ளது என்று கேட்டனர். நீண்ட கோடொன்றில் ஒரு புள்ளியைச் சுற்றி ஆரையை இருமடங்காக்கினால் அகப்படும் பொருளும் இருமடங்காகும். தளத்தில் நான்கு மடங்காகும். திண்மத்தில் எட்டு மடங்காகும். இவை முறையே 1, 2, 3 ஆகிய பரிமாணங்கள். இடைப்பட்ட பின்னப் பரிமாணமும் இயற்கையில் உண்டு. சிதறற் செறிவு கோணத்தோடு குறையும் வேகத்திலிருந்து அதனைக் கணிக்கலாம். புரதத்தின் பரிமாணம் அவ்வீச்சு முழுவதும் ஏறத்தாழ 2.5 ஆக நிலைத்திருந்தது. டி.என்.ஏ.யோ இரு நிலைகளைக் காட்டிற்று: ஏறத்தாழ 300 நனோமீற்றருக்குக் கீழே 2 இற்குச் சற்று மேல், அதற்கு மேலே 3 ஐ அணுகியது.

ஊடகமாற்றம் இன்றி இவ்வேறுபாடு தெரியவந்திராது. ஒரே கருவினுள், ஒன்றையொன்று பற்றிநிற்கும் இரு பொருள்கள், தூரம் கூடியதும் வெவ்வேறு விதிகளுக்கு அமைகின்றன. சிறு அளவில் கிளைத்து இடைவெளிவிட்டுக் கிடக்கும் டி.என்.ஏ., பேரளவில் இடத்தை ஏறத்தாழ முற்றாக நிரப்புகின்றது. டி.என்.ஏ.யின் எப்பகுதி எப்பகுதியைத் தொடுகின்றது என்பதை வேறொரு வழியால், இரசாயனப் பிணைப்பாலும் வரிசையறிதலாலும், ஆராய்ந்த அமெரிக்கக் குழுவினர் 2009 இல் மனிதக் கலங்களுக்கு 'பின்னக் கோளம்' என்ற மாதிரியுருவை முன்வைத்தனர். இடத்தை நிரப்பினும் முடிச்சுவிழாத மடிப்பு அது. நியூத்திரன் காட்டிய 3 ஐ அணுகும் பரிமாணம் இதற்கு முரணானதன்று. ஆயினும் நியூத்திரன் கோடிக்கணக்கான கருக்களின் சராசரியையே தருகின்றது. எந்தப் பரம்பரையலகு எங்கே கிடக்கின்றது என்று அதனாற் கூற இயலாது. ஹீலாக் கருக்களில் பிற்பாடு நிகழ்த்தப்பட்ட அளவீடுகளிலும் ஒரே பரிமாணத்தாற் கரு முழுவதையும் விவரித்தல் இயலாதென்றே தெரியவந்துள்ளது. இரு நிலைகளுக்கிடையிலான எல்லை அங்கு எத்தூரத்தில் விழுகின்றது, கலம் செயலூக்கம் பெறும்போது அது நகர்கின்றதா என்பவையே இப்போது உலையின் முன் வைக்கப்பட்டிருக்கும் வினாக்கள்.